சாவி ஏறும் கை

ஜூன் 1, ஞாயிறு

இன்று சம்மந்தி வீட்டில் சாப்பாடு. கோழிக் குழம்பு சாப்பிடப் போன நான் நடுவர் பதவியோடு திரும்பி வந்திருக்கிறேன்.

சுடர்விழி ஓசூர் வாட்ச் கம்பெனி வேலையை விட்டு உடுமலைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. மாமனாருக்குச் சொந்தமான பழைய நூல் மில் ஷெட் ஒன்று தாராபுரம் சாலையில் சும்மா கிடக்கிறது. அதில் விலை குறைந்த மெக்கானிக்கல் வாட்ச் செய்ய வேண்டும் என்பது என் மகளின் திட்டம். பேட்டரி கிடையாது. உள்ளே சுருள்வில்லும் பல்சக்கரங்களும்தான். பாகங்கள் வெளியிலிருந்து வரும். பூட்டுவது, எண்ணெயிடுவது, ஒவ்வொன்றாக நேரம் திருத்துவது எல்லாம் இவள். கூட வேலை பார்த்த இரண்டு பெண்கள் இவள் ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவார்கள். ஷெட் கிடைக்காவிட்டால் மறுபடியும் ஓசூர்தான். மாப்பிள்ளை பிரபாகர் இங்கே, இவள் அங்கே. அப்படிப் பல வருடம் இருந்து பார்த்தாயிற்று.

சம்மந்தி சென்னியப்பன் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஷெட்டை நூல் குடோனுக்குக் கேட்டு ஒரு வியாபாரி ஜூலை முதல் வாரம் வருகிறார்.

கை கழுவி உட்கார்ந்ததும் சுடர் தான் பூட்டிய வாட்ச் ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். பிறகு தன் இடது மணிக்கட்டில் இருந்த ஸ்விஸ் வாட்ச்சைப் பார்த்தார். மில்லுக்கு முதல் ஏற்றுமதி ஆர்டர் வந்த வருடம் வாங்கியது அது. மனிதர் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவார்.

"ஏங்கண்ணு, ஒரு சேலை வெலைக்கு வாட்ச்சுங்கற. உள்ள மெஷின் இருக்குதா, நாலு ஊக்கைப் போட்டு வெச்சிருக்கறயா?"

"தொறந்து காட்டட்டுங்களா மாமா?"

"தொறக்க வேண்டாம், ஓட்டிக் காட்டு. ஒரு மாசம் இது என் வாட்ச்சோட ஓடட்டும். ஈடு குடுத்துச்சுன்னா ஷெட் சாவிய வாங்கிக்க. இல்லீன்னா நூல்காரனுக்கு விட்டுருவேன்."

"யாருப்பா பாத்துச் சொல்றது?" என்றார் மாப்பிள்ளை.

"டீச்சர் இருக்கறாங்கல்ல."

"அவங்க சுடரோட அம்மாப்பா!"

"இருந்துட்டுப் போறாங்க. பெத்த பொண்ணுக்கே பிளஸ் டூ பிராக்டிகல்ல ரெண்டு மார்க் கொறச்சுப் போட்டவங்கடா. இவங்களை விட்டா எனக்கு வேற ஜட்ஜு வேண்டாம்."

அந்த இரண்டு மதிப்பெண் கதை ஊர் முழுக்கத் தெரியும். சுடர் அளவீட்டுப் பிழையை எழுதவில்லை, குறைத்தேன். இன்றைக்கும் குறைப்பேன்.

ஜூன் 2, திங்கள்

விதிகள் முடிவாயின. இரண்டும் தானாகச் சாவி ஏறும் வாட்ச்சுகள். நம் ஊர்க் காற்றாலையை நினைத்துக்கொண்டால் போதும். காற்று அடித்தால் இறக்கை சுற்றுகிறது, மின்சாரம் வருகிறது. அதுபோல உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று இருக்கிறது. கை ஆட ஆட அது சுற்றிச் சுருள்வில்லை முறுக்கும். கட்டியிருப்பவருடைய கைதான் காற்று.

குமிழைத் திருகியும் சாவி கொடுக்கலாம். அதைச் சம்மந்தி தடை செய்துவிட்டார். "ஆட்டோமேட்டிக்னா ஆட்டோமேட்டிக்காத்தான் ஓடோணும்" என்றார். அவருடைய வாட்ச் அவர் கையில், சுடருடையது என் கையில். இரண்டு பேருமே இரவிலும் கழற்றக் கூடாது. தினமும் மாலை மொபைல் நேரத்தோடு ஒப்பிட வேண்டும்.

"டீச்சர் கையில கட்டுனா அது எப்பங்க நிக்கும்?" என்று சிரித்தார். "வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி கையத் தூக்கிருவாங்க."

வகுப்பில் நின்று பழகிய கை. என்ன செய்வது.

ஜூன் 5, வியாழன்

ஸ்விஸ் வாட்ச் ஒரு நாளைக்கு இரண்டு விநாடி முந்துகிறது. சுடருடையது பதினொரு விநாடி. சம்மந்திக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று மாப்பிள்ளையிடமும் பால்காரரிடமும் சொன்னார்.

நான் ஓர் உதாரணம் சொன்னேன். என்னிடம் படித்த ஒருத்தி எந்தத் தேர்வு வைத்தாலும் அறுபத்திரண்டு வாங்குவாள். கேள்வித்தாள் எளிதோ கடினமோ, அறுபத்திரண்டுதான். இன்னொருத்தி ஒரு முறை தொண்ணூறு, மறுமுறை நாற்பது. பொதுத்தேர்வுக்கு முன்னால் எந்த மாணவியை நினைத்து எனக்குத் தூக்கம் போகும்? இரண்டாமவளை நினைத்துத்தான். வாட்ச்சும் அப்படித்தான். தினமும் பதினொரு விநாடி முந்துகிற வாட்ச்சை நம்பலாம், கழித்துக்கொள்ளலாம், திருத்தவும் செய்யலாம். இன்று முந்தி நாளை பிந்துவதைத்தான் நம்ப முடியாது. எத்தனை விநாடி என்பது முதல் கேள்விதான். தினமும் அதே அளவா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

"அப்ப என் வாட்ச் தெனமும் தொண்ணூத்தெட்டு வாங்கற புள்ளைங்க" என்றார். உண்மைதான். ஒத்துக்கொண்டேன்.

தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் தன் அளவை அவரே எழுதிக் கொடுக்கிறார். எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது, வரி முடிய முடிய இன்னும் சிறுத்துவிடுகிறது. "கொஞ்சம் பெருசா எழுதுங்க சம்மந்தி, கண்ணாடி போட்டும் தெரியல" என்றேன். மில்லில் அவர் போட்ட கையெழுத்து மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே தெரியும் என்பார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் பார்த்தால் சுடரின் வாட்ச் நான்கு நிமிடம் முந்தியிருக்கிறது.  என்ன செய்தேன் என்று யோசித்தேன். நேற்று கோயிலுக்குக் கொண்டுபோன கைப்பையைத் தலைமாட்டிலேயே வைத்துப் படுத்துவிட்டேன், இடது கை அதன் மேல். பையின் வாயில் காந்தப் பூட்டு. முப்பது வருடம் காந்தவியல் நடத்தியவள் நான்!

யாரும் பார்க்கவில்லை. நேரத்தைத் திருத்தி வைத்திருக்கலாம். ஆனால் காந்தம் ஏறிய வாட்ச் மறுபடியும் முந்தும், அதோடு எழுதாமல் விடுகிற அளவு என்று ஒன்று கிடையாது. எழுதினேன். போய்ச் சொன்னேன்.

சுடரின் முகம் வெளுத்தது. சம்மந்திதான் கையை ஆட்டினார், வலது கையை. "காந்தத்து மேல வெச்சா என் வாட்ச்சுக்குந்தான் கிறுக்குப் புடிக்கும். கண்ணு, நீ காந்தத்த எறக்கிக் குடு. டீச்சர், நீங்க அதை எழுதாதீங்க."

"எழுதிட்டேனுங்க."

"எழுதிருப்பீங்க. அது எனக்குத் தெரியாதுங்களா."

சுடர் தன்னிடமிருந்த சின்னப் பெட்டியில் அதை வைத்து ஒரு பொத்தானை அழுத்தினாள். மாலைக்குள் பழையபடி ஆயிற்று. அவர் நினைத்திருந்தால் இன்றோடு போட்டியை முடித்திருக்கலாம். நல்ல மனிதர்.

ஜூன் 10, செவ்வாய்

காற்றும் தூறலும். இரவு முழுக்கக் கரண்ட் இல்லை. வாட்ச்சுகள் கவலைப்படவில்லை.

ஜூன் 14, சனி

சுடரின் வாட்ச் பதினொன்றை ஒட்டியே ஓடுகிறது. தாய் என்பதற்காகச் சொல்லவில்லை, எண் அப்படிச் சொல்கிறது.

இரவில் கை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து இது மூன்று நான்கு விநாடி மாறுகிறது. ஸ்விஸ் வாட்ச் மாறுவதில்லை. விலை அங்கேதான் வேலை செய்கிறது. சுடரிடம் சொன்னேன். "தெரியும்மா, அடுத்த தடவை கொறச்சுருவேன்" என்றாள்.

மாலை அங்கே போனபோது வீடெல்லாம் புகை. அடுப்பில் பால் தீய்ந்து கருகிக்கொண்டிருக்கிறது. சம்மந்தியோ அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். சம்மந்தியம்மா சாந்தாமணி பின்கட்டிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

"வாசம் தெரியலீங்களா? மூக்கென்ன, அடமானத்துலயா வெச்சிருக்கறீங்க?"

"சளி புடிச்சிருக்குது சாந்தா."

"பொங்கல்ல இருந்தே சளியாமாங்க்கா இவருக்கு" என்றார் என்னிடம். "சட்டைப் பட்டன் போட உக்காந்தா நான் ரெண்டு தோசை சுட்டுருவேன். அத்தனை நேரம்."

இதை ஏன் எழுதுகிறேன்? இது வாட்ச்சுகளைப் பற்றிய குறிப்பு.

ஜூன் 16, திங்கள்

ஸ்விஸ் வாட்ச் நின்றுவிட்டது.

விடியற்காலை நாலே காலுக்கு நின்றிருக்கிறது. எழுந்து உலுக்கியதும் ஓடியதாம். "இத்தனை வருஷத்துல ஒரு நா நின்னதில்லீங்க" என்று மூன்று முறை சொன்னார். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு. "அப்பா, தொண்ணூத்தெட்டு வாங்குன புள்ள பரிச்சைக்கே வரலையா?" சுடர் அவர் காலை மிதித்ததைப் பார்த்தேன்.

ஜூன் 18, புதன்

மறுபடியும் நின்றது. தாளில் எழுதியதைச் சம்மந்தியே படித்துச் சொன்னார். குரலும் தாழ்ந்துதான் வருகிறது, பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கிறது.

நடைப்பயிற்சிக்குப் போகிறாரா என்று சாந்தாமணியிடம் தனியாகக் கேட்டேன். ஒரு நாளும் தவறியதில்லையாம். பள்ளி மைதானத்தில் தினமும் ஐந்து சுற்று. அப்படி நடக்கிற மனிதரின் கையில் சாவி ஏறாமல் போவது எப்படி?

வேறொன்றும் தோன்றியது. எழுதவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மாப்பிள்ளை வாட்ச்சைக் கோயமுத்தூர் ஷோரூமுக்குக் கொண்டு போனார். திறந்து பார்த்து, கருவியில் வைத்துச் சோதித்து, மெஷினில் ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "ஸார் வாட்ச்சைக் கட்டறாரா, பீரோவுல வெச்சிருக்கறாரா?" என்று கேட்டார்களாம். மாப்பிள்ளை அதை அப்படியே வந்து சொல்லிவிட்டார்.

"என்னையப் பொய்யன்ங்கறானுங்களா? ராவும் பகலும் கட்டிருக்கறேன்!" என்று எழுந்தார். எழுந்தவருக்கு முதல் அடி உடனே வரவில்லை. சற்று நின்று, பிறகு போனார்.

சுடர் என்னைப் பார்த்தாள். நான் காப்பி டம்ளரைப் பார்த்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

நடுவர் என்ற முறையில் ஒரு சோதனை அறிவித்தேன். விளக்கு எரியவில்லை என்றால் என்ன செய்வோம்? பல்பைக் கழற்றி நன்றாக எரிகிற ஹோல்டரில் மாட்டிப் பார்ப்போம். எரிந்தால் பல்பில் குறையில்லை. ஒரே சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பிளஸ் ஒன் முதல் பாடத்திலேயே சொல்லிவிடுவேன். ஆகவே வாட்ச்சுகளை மாற்றிக்கொள்வது. அவருடையது என் கையில், சுடருடையது அவர் கையில்.

"தகரத்தக் கட்டச் சொல்றீங்களே" என்று முனகினாலும் கையை நீட்டினார். சுடர்தான் கட்டிவிட்டாள். கட்டி முடித்த பிறகும் மணிக்கட்டை உடனே விடவில்லை. மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்தாள். சாதாரணமாகக் கை தானாக வளையும். அது பழைய கதவைப்போல விட்டு விட்டு வளைந்தது.

ஸ்விஸ் வாட்ச் கனமாக இருக்கிறது. கட்டிக்கொண்டு பாத்திரம் தேய்க்கக் கூச்சமாக இருந்தது. தேய்த்தேன். விதி விதிதான்.

ஜூன் 25, புதன்

என் கையில் ஸ்விஸ் வாட்ச் நிற்கவில்லை, இரண்டு விநாடிக்கு மேல் தவறவும் இல்லை.

அவர் கையில் சுடரின் வாட்ச் நேற்று விடியற்காலையும் நின்றது, இன்றும் நின்றது.

மாப்பிள்ளை கையைத் தட்டிக்கொண்டு, "அப்ப ரெண்டு கம்பெனியும் அவுட்டு!" என்றார். சம்மந்தி பாவமாகச் சுடரைப் பார்த்து, "உம்படதும் நின்னுருச்சே கண்ணு" என்றார். ஜெயித்த குரலில் சொல்லவில்லை. அவளுக்காக வருத்தப்பட்டார்.

சுடர் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 26, வியாழன்

விடிந்ததும் மைதானத்துக்குப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். சம்மந்தி வந்தார். ஐந்து சுற்றும் நடந்தார். வலது கை முன்னும் பின்னும் வீசுகிறது. இடது கை உடம்போடு ஒட்டித் தொங்குகிறது, காய்கறிப் பை ஒன்றை அந்தக் கையில் பிடித்திருப்பவரைப்போல. பை இல்லை.

இறக்கையில் குறையில்லை. காற்றுதான் அடிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் மோகனசுந்தரம் கட்டியிருந்தது பேட்டரி வாட்ச். கை ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஓடும். கடைசி வரைக்கும் சரியான நேரம் காட்டியது.

ஜூன் 27, வெள்ளி

சுடர் வந்தாள். இருவரும் வாழைப்பூ ஆய்ந்தோம். பாதிப் பூ ஆன பிறகுதான் பேசினாள்.

"அம்மா, மாமாவோட எழுத்து."

"ம்."

"பால் தீஞ்ச வாசம்."

"ம்."

"கையப் புடிச்சுப் பாத்தேம்மா. அப்பாவோட கை மாதிரியே இருந்துச்சு."

நான் நரம்பை உருவிப் போட்டுக்கொண்டே இருந்தேன். அவள் அப்பாவுக்கு இந்த நோய் என்று நாங்கள் கண்டுபிடித்தது அவர் இரண்டு முறை விழுந்த பிறகு.

நடுவர் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். போட்டி முடிய இன்னும் மூன்று நாள் இருக்கிறது. வாட்ச்சுகளைப் பழையபடி மாற்றிக் கட்டினால் அவர் கையில் ஸ்விஸ் மறுபடியும் நிற்கும், என் கையில் உன்னுடையது ஓடும். அவர் சொன்ன சொல் மாறாதவர். சாவி உன் கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு டாக்டரிடம் போகலாம், மூன்று நாளில் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் இப்போது போய் இதைச் சொன்னால் மனிதர் ரோஷக்காரர். ஷெட்டுக்காகத் தன்னை நோயாளி ஆக்கிவிட்டார்கள் என்று நினைக்கவும் கூடும்.

இதை அவளைச் சோதிக்கச் சொன்னேனா, ஆசையால் சொன்னேனா என்று இப்போது கேட்டால் பதில் தெரியவில்லை.

சுடர் நிமிர்ந்து பார்த்தாள். "எம்மா, அந்த ஸ்விஸ் மெஷின் எவ்வளவு அழகா ஓடுதுன்னு நான் பாத்திருக்கேன். அது நின்னுருச்சுன்னு சொல்லி நான் எப்படி ஜெயிக்கறது? ஒரு நல்ல மெஷின் மேல பொய்ப் பழி போட்டுட்டு அப்புறம் நான் என்னத்த வாட்ச் செய்யறது? நாளைக்கே சொல்லிரலாம்."

அந்த இரண்டு மதிப்பெண்ணை நினைத்துக்கொண்டேன். வாழைப்பூ கறை கையிலிருந்து போகவில்லை. அதனால்தான் கண்ணைத் துடைக்கவில்லை.

ஜூன் 28, சனி

சொல்லியாயிற்று.

எல்லோரும் கூடத்தில் இருந்தோம். சுடர் இரண்டு வாட்ச்சுகளையும் மேசையில் வைத்தாள். "மாமா, எனக்கு ஷெட் வேண்டாங்க. நூல்காரருக்கே குடுத்துருங்க. அதை மொதல்ல சொல்லிட்டு அப்புறம் இதைச் சொல்றேன்" என்று ஆரம்பித்தாள். நான் இதை எதிர்பார்க்கவில்லை.

பிறகு படிப்படியாகச் சொன்னாள். உங்கள் வாட்ச் உங்கள் கையில் நின்றது. என் வாட்ச்சும் உங்கள் கையில் நின்றது. உங்களுடையது அம்மா கையில் ஓடியது, என்னுடையதும் அம்மா கையில் ஓடியது. அவளுடைய பிராக்டிகல் நோட்டுகூட இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

சம்மந்தி தன் இடது கையைப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு வாட்ச்சும் பாஸு. ஃபெயிலானது நாந்தானாக்கும்."

சாந்தாமணி விம்மினார். மாப்பிள்ளை அப்பாவின் பக்கத்தில் போய் நின்றார். அவருக்கு இன்று சிரிப்பு வரவில்லை.

"ஃபெயில் இல்லீங்க மாமா. சர்வீஸ் பண்ணோணும், அவ்வளவுதான்."

"எனக்கொண்ணும் இல்ல. நான் நல்லாத்தான் இருக்கறேன்" என்று எழுந்தார். வாசல் வரைக்கும் நடந்தார். எங்கள் எல்லோருடைய கண்ணும் அந்தக் கையின் மேலேயே இருந்தது. அவருக்கும் அது தெரிந்துவிட்டது. நிலைப்படியில் நின்று, திரும்பாமலே கேட்டார்:

"எந்த டாக்டருங்க டீச்சர்?"

ஜூலை 2, புதன்

கோயமுத்தூர். நரம்பியல் டாக்டர் இளம்பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். சம்மந்தியை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார், மணிக்கட்டை வளைத்துப் பார்த்தார். பார்க்கின்சன்தான். எழுத்து சிறுத்ததும் வாசம் தெரியாமல் போனதும்கூட அந்த நரம்பு நோயால்தானாம். ஆனால் ஆரம்பம்.

"நெறையப் பேர் கை நடுக்கம் வந்தப்புறந்தான் வருவாங்க. உங்களுக்கு நடுக்கமே இல்லையே. யாருங்க கண்டுபிடிச்சது?"

சம்மந்தி தன் வலது கையால் என்னைக் காட்டினார், பிறகு சுடரைக் காட்டினார், பிறகு மேசை மேல் இடது கையைத் தூக்கி வைத்தார். அதில் சுடரின் வாட்ச் இருந்தது. அன்று மேசையில் வைத்ததை அவரே மறுபடியும் எடுத்துக் கட்டியிருந்தார்.

"வெலை கூடுன வாட்ச் ஒண்ணு மொதல்ல சொல்லுச்சுங்கம்மா. மெஷின் கெட்டுருச்சுன்னு அதைப் போயித் திட்டுனோம். அப்பறம் எம்மருமக செஞ்ச வாட்ச்சும் அதையே சொல்லுச்சுங்க. ரெண்டும் ஒண்ணாச் சொன்னப்பறந்தான் நம்புனோம்."

டாக்டர் சுடரின் பக்கம் திரும்பி, "நீங்களே செஞ்சதா?" என்று கேட்டார். சுடர் தலையாட்டினாள். "ஆமாங்க, எம்மருமகதான்" என்று அவர் மறுபடியும் சொன்னார். அவர் குரல் இத்தனை நாளாகத் தாழ்ந்திருந்தது என்றேனே. அந்த வார்த்தை வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டது.

மாத்திரை உண்டு, பயிற்சி உண்டு. போய்விடும் என்று டாக்டர் சொல்லவில்லை. நல்ல வருடங்கள் நிறைய இருக்கின்றன என்றார். நடக்கும்போது நினைத்து நினைத்து இடது கையை வீசச் சொன்னார். அந்தக் கைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னார்.

வரும் வழியில் அன்னபூர்ணாவில் ரவா ரோஸ்ட். சம்மந்தி இரண்டு சாப்பிட்டார்.

ஜூலை 4, வெள்ளி

நூல் வியாபாரி வந்தாராம். சம்மந்தி காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாராம். வேறு தகவல் இல்லை. சுடரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

"தீர்ப்பு சொல்லாம ஜட்ஜு எங்க ஓடப் பாக்கறீங்க?" என்று சம்மந்தியே கூப்பிட்டு அனுப்பினார். போனேன். நின்றுகொண்டே படித்தேன், உட்கார்ந்து படித்தால் எனக்கு வராது.

துல்லியத்தில் ஸ்விஸ் வாட்ச்தான் முதல். ஒரு நாளைக்கு இரண்டு விநாடி, கை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதே இரண்டு. சாவி ஏறாதபோதும் அதுதான் அதிக நேரம் தாக்குப்பிடித்தது. கொடுத்த விலைக்கு அது உழைக்கிறது. சுடரின் வாட்ச் ஒரு நாளைக்குப் பதினொன்று. நிலை மாறினால் சற்று மாறும். ஆனால் காந்தத்தில் நான் வைத்த அந்த ஒரு நாள் தவிர, பதினொன்றை விட்டு அது விலகிப் போகவில்லை. பஸ்ஸைப் பிடிக்க, மாத்திரை சாப்பிட, பள்ளிக்கூட மணி அடிக்க எது வேண்டுமோ அது இதில் இருக்கிறது. கை ஆடாவிட்டால் இரண்டும் நிற்கும். அந்த விஷயத்தில் இரண்டுமே பொய் சொல்லத் தெரியாதவை. ஈடு கொடுத்ததா என்றால், கொடுத்தது. நூற்றுக்குத் தொண்ணூறு போடலாம். நிலை மாற்றப் பிழைக்காக இரண்டு கழித்து எண்பத்தெட்டு.

"மறுபடியும் ரெண்டு மார்க்கா!" என்று கத்தினாள் சுடர்.

சம்மந்தி சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து முடித்து, சட்டைப் பைக்குள் இடது கையை விட்டார். நேரம் ஆயிற்று. யாரும் உதவிக்குப் போகவில்லை. விரல்கள் தேடி, பிடித்து, நழுவவிட்டு, மறுபடியும் பிடித்து ஷெட் சாவியை வெளியே எடுத்தன. அந்தக் கையாலேயே நீட்டினார்.

"அட, தொழில் தொடங்கற சாவியப் பீச்சாங்கையிலயா குடுப்பாங்க?" என்று பதறினார் சாந்தாமணி.

"டாக்டரம்மா இந்தக் கைக்குத்தான் வேலை குடுக்கச் சொல்லிருக்கறாங்க. கண்ணு, வாங்கிக்க."

சுடர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

எழுதி நாளாயிற்று. ஷெட்டில் வெள்ளையடித்து முடித்தார்கள். ஓசூர்ப் பெண்கள் இருவரும் வந்துவிட்டார்கள். முதல் தொகுதி வாட்ச்சுகள் மேசையில் வரிசையாக ஓடுகின்றன. நிலை மாற்றப் பிழையைச் சுடர் பாதியாகக் குறைத்துவிட்டாள். சோதித்துப் பார்த்தேன். அந்த இரண்டில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

ஸ்விஸ் வாட்ச் இப்போது சாந்தாமணியின் கையில். மாவு கரைப்பதும் துணி உலர்த்துவதுமாக அவர் கை சும்மா இருப்பதில்லை, ஆகவே அது நிற்பதும் இல்லை. "இத்தனை வெலை வாட்ச்சக் கட்டிக்கிட்டுக் கீரை ஆயறது உடுமலையிலயே நானாத்தானுங்க்கா இருப்பேன்" என்கிறார். கழற்றித் தரச் சொன்னால் மட்டும் தருவதில்லை.

சம்மந்தி சுடரின் வாட்ச்சைத்தான் கட்டுகிறார். தினமும் காலையில் வீட்டிலிருந்து ஷெட் வரைக்கும் நடை. ஜூலையில் பாதி நாள் அது விடிவதற்குள் நின்றுவிடும். யாரிடமும் சொல்லாமல் உலுக்கி ஓடவிடுவார். எனக்குத் தெரியும், நேரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுமே.

இன்று சித்திரான்னம் எடுத்துக்கொண்டு நானும் அவரும் ஷெட்டுக்கு நடந்தோம். ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிறது. புறப்படும்போதே மணிக்கட்டை என் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். "கேக்குதுங்களா? ராத்திரி பூரா நிக்கலீங்க." மொபைலை எடுத்துப் பார்த்தேன். நேற்று இதே நேரத்தில் திருத்தி வைத்தது, பதினொரு விநாடி முந்தியிருந்தது.

தாராபுரம் சாலையில் ஏறியதும் வீசத் தொடங்கினார். முன்னால் தோள் உயரம், பின்னால் இடுப்புக்கு அப்பால். எதிரே சைக்கிளில் வந்தவர் மணியடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனார்.

"மெதுவா வீசுங்க சம்மந்தி, யாராச்சும் அடிபட்டுறப் போறாங்க!"

"சாவி ஏறுதுங்க டீச்சர். பேசாம வாங்க."